துண்டுக்கு அடியில் துள்ளிய நாடி

அண்ணாச்சியின் துண்டு இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அவருடைய நூல்கடைக்குள் நுழைந்ததும் எதிரே அவர் படம். அதற்குக் கீழே பெட்டி. பெட்டிக்குள் நாலாக மடித்த பழைய ஈரிழைத் துண்டு. பழுப்பேறி, ஓரத்தில் கரை சாயம் போய், நடுவில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு திட்டு. அந்தத் திட்டு எத்தனையோ பேருடைய உள்ளங்கை வேர்வை. பேரன்மார் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். ராசியான துண்டாம். கொள்முதலுக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். தீபாவளிக்குக் காரச்சேவுப் பொட்டலம் கொடுக்கப் போகிற எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுவதில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. சேவுக்கடை வைத்துப் பிழைக்கிற, வயிறு முன்னே போய்ப் பின்னால் நான் போகிற இந்த வயதிலும் அப்படித்தான்.

யுத்தகாலத்தில் நான் அவர் கடையில் வேலை பார்த்தேன். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். எவ்வளவு தூரம் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அண்ணாச்சி முதலில் மாட்டுத் தரகர். பிறகு பருத்திக்கு வந்து, பருத்தியிலிருந்து நூலுக்கு வந்தவர். எத்தனை தொழில் மாறினாலும் துண்டு மாறவில்லை. சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைத் தொட்டும் கணுவை அழுத்தியும் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். இது எல்லாத் தரகர்களும் செய்வது. அண்ணாச்சி மட்டும் கூடுதலாக ஒன்று செய்வார். விரல் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரலுக்குத் துணையாக இன்னொரு விரல் மெல்ல நழுவி எதிராளியின் மணிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாடி துள்ளினால் அவன் சொல்கிற விலை பொய், இன்னும் இறங்குவான். துள்ளாவிட்டால் அதுதான் அடிவிலை. "வாய் வளத்த புள்ளடா, பொய் சொல்லும். நாடி நம்ம வளக்காத புள்ள, அதுக்குப் பொய் தெரியாது" என்பார். ஊரில் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரிந்துபோனதால் அவரிடம் கைகொடுக்கும்போதே பாதிப்பேர் நியாய விலைக்கு வந்துவிட்டார்கள். அது நாடி செய்த வேலையா, பயம் செய்த வேலையா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஜெயிக்கிறவனிடம் போய் எப்படி ஜெயித்தாய் என்று யார் கேட்பார்கள்?

அதே கடையில் என்னோடு வேலை பார்த்தவன் உபதேசியார் மகன். அவனுடைய அப்பா கத்தோலிக்கக் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், ஆகையால் ஊருக்கே அவன் உபதேசியார் மகன்தான். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம். ஆள் ஒல்லி, நெஞ்சு மட்டும் ஆர்மோனியப் பெட்டி மாதிரி அகலம். கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல் அவனுடையது. ஒரு அடியை எடுத்தானென்றால் அது முடிகிறவரை நடுவில் மூச்சு வாங்க மாட்டான். நாங்கள் எல்லாம் அவன் எப்போது மூச்சு விடுவான் என்று எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து மயங்காத குறை. சரக்கு அடைக்கிற கிட்டங்கியில் நூல் சிப்பம் தூக்கும்போதும் முனகிக்கொண்டே இருப்பான். எதற்கும் பதறாத பிறவி. நான் கரப்பான் பூச்சிக்குச் சிப்பத்தின் மேல் ஏறி நின்றவன். "ஏலே, அது உன்னையப் பாத்து ஏறுறதுக்கு இடம் தேடுது, இறங்கு" என்பான். அந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணும் அதே கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான். பெண்ணின் அப்பா வேறொரு நூல்கடையில் மேஸ்திரி. கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று.

நூலுக்குக் கன்ட்ரோல் வந்திருந்த நேரம் அது. தறிக்காரர்களுக்கு அளந்துதான் நூல் கொடுக்கவேண்டும் என்று சட்டம். ஆனால் சட்டம் அளந்து கொடுத்தது போக மிச்சமெல்லாம் எங்கள் அண்ணாச்சியைப் போன்றவர்களின் கிட்டங்கியில் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் தூங்கியது. தெருவுக்குத் தெரு தறி நின்றுபோயிருந்தது. காலையில் எழுந்ததும் தறிச்சத்தம் கேட்டுப் பழகிய ஊர் ஊமையாகிப்போனது. நூல் கேட்டு வருகிறவர்களிடம் "வரத்து இல்ல, போங்க" என்று சொல்கிற வேலை எங்கள் இருவருடையது. நான் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன், கூடவே நாலு நையாண்டியும் சேர்த்து. அவன் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் விருதுநகரிலிருந்து அதிகாரிகள் நேராகக் கடைக்கு வராமல் கிட்டங்கிக்குப் போனார்கள். அங்கேயும் வேறெங்கும் தேடாமல் புண்ணாக்கு மூட்டையைத்தான் நகர்த்தச் சொன்னார்கள். அப்புறம் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்கிறவன் யாரோ சொல்லியிருக்கிறான்.

அதிகாரிகளை அண்ணாச்சி எப்படியோ சரிக்கட்டிவிட்டார். பாதி நூல் போய் மீதி நூல் தங்கியது. ஆனால் அவருடைய கோபம் முழுசாகத் தங்கிவிட்டது. முதலில் எல்லோரும் அம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றார். உபதேசியார் மகன், "எங்களுக்குச் சூடம் கிடையாது அண்ணாச்சி. வேதத்தத் தொட்டுச் சொல்றேன்" என்றான். அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினார். "என் சாமிக்கு நீ பயப்பட மாட்ட, உன் சாமிய எனக்குத் தெரியாது. சாமியே வேணாம். நாடிக்கு ஏதுலே சாதியும் வேதமும்? எல்லாவனும் கையக் குடுங்க" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் அது என்னவோ பெரிய சமரசப் பேச்சு மாதிரித்தான் இருக்கிறது.

மத்தியான வேளை. கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு அண்ணாச்சி தலையணைத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் ஆள் நான். என்னுடைய குற்றங்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு வாங்கிவந்த சேவுப் பொட்டலத்தில் வழியிலேயே கைவிட்டது ஒன்று. அவர் நடையை அவருக்குப் பின்னாலேயே நடந்து காட்டியது இன்னொன்று. இதையெல்லாம் நாடி போட்டுக்கொடுத்துவிடுமே என்று உடம்பு முழுக்கப் பதறியது. துண்டு விழுந்தது. அவருடைய விரல் என் மணிக்கட்டில் பல்லி மாதிரி ஒட்டியது. நெஞ்சு அடிக்கிற அடியில் வாயைத் திறந்தால் அது வெளியே வந்து கல்லாப்பெட்டிமேல் விழுந்துவிடும் என்று தோன்றி, மூச்சை அடக்கிக்கொண்டேன். "நீ சொன்னியாலே?" தலையை மட்டும் ஆட்டினேன். கண் பிதுங்கி, முகம் மிளகாய்வற்றலாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "குதிரக் கணக்கா ஓடுது. ஆனா ஒரே சீரா ஓடுது, ஒரு துள்ளு இல்ல. பயந்தாங்கொள்ளிப் பய. பொய் இல்ல, போ." என் கோழைத்தனம் எனக்கு வாங்கிக்கொடுத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான். வெளியே வந்து தண்ணீர்ப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடித்தேன்.

அவன் போய் உட்கார்ந்தான். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, பாட்டு எடுப்பதற்கு முன்னால் உட்காருவானே, அதே மாதிரி. கையை நீட்டிவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு விழுந்தது. அண்ணாச்சி கேட்டார். அவன் வழக்கம்போல நிதானமாக, நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். அண்ணாச்சியின் புருவம் ஏறியது. "இல்ல அண்ணாச்சி" என்று மூச்சை விட்டுக்கொண்டே சொன்னான். புருவம் இறங்கியது. திரும்பக் கேட்டார். திரும்ப மூச்சு, திரும்பப் புருவம். எத்தனை தடவை கேட்டாலும் அவன் குரல் மாறவில்லை. அவருடைய முகம்தான் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் துண்டை உருவி உதறினார். "கேட்டா ஓடுது. பதில் சொன்னா பம்முது. ஓடி ஓடிப் பம்முது. முகத்தப் பாரு, பால் குடிச்ச பூனையாட்டம். இத்தன வருசத்துல இப்பிடி ஒரு கள்ள நாடிய நான் தொட்டதில்ல" என்றார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான்கூட அவன் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, இவ்வளவு அமைதியாக இருக்கிறானே, ஒருவேளை இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஊரில் அத்தனைபேரும் அதேபோல ஒரு நிமிஷம் நினைத்தார்கள். அதிலேயே அவன் பிழைப்பு முடிந்தது.

எந்த நூல்கடையும் அவனைச் சேர்க்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். தறிக்காரர்களாவது அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கலாம். அவர்களோ நூலுக்கு அண்ணாச்சியிடம்தான் வரவேண்டும். பெண்ணின் அப்பா தன் முதலாளிக்குப் பயந்து பின்வாங்கிவிட்டார். மூன்றாம் ஞாயிறு சாமியார் மற்ற ஓலைகளை வாசித்தார், அவனுடையதை வாசிக்கவில்லை. அன்றைக்கு அவன் பாட்டுக்குழுவில்தான் நின்றிருந்தானாம். பாடவும் செய்தானாம். அதுதான் அவன் கடைசியாகப் பாடியது.

அவன் ஊரைவிட்டுப் போன அன்று சாயந்தரம் பந்தல்குடி ரோட்டில் கொஞ்சதூரம் அவனோடு நடந்து போனேன். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. சிரிக்கவைக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவன் தன் இடது கைவிரலை வலது மணிக்கட்டில் வைத்தபடியே நடந்துவந்தான். "ஏலே, நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவத்தச் சொல்லுவோம்ல, அப்ப சாமியார்கிட்ட சொன்னேன், இந்த மாதிரிப் பதுக்குற வேலை பாக்குறேன், மனசு அறுக்குதுன்னு. சாமியார் உசுரு போனாலும் வெளிய சொல்ல மாட்டாரு. இருந்தாலும் சொன்னது சொன்னதுதானலே? யார்கிட்டயும் சொல்லலன்னு நான் சொன்னது பொய்தான? நாடி அதப் புடிச்சிருச்சு" என்றான். நான் அதெல்லாம் கணக்கில் வராது என்றேன். "சும்மா இருக்கும்போதும் துள்ளுதுலே. யாரும் ஒண்ணும் கேக்கல. நானாத் தொட்டுப் பாக்குறேன். ஓடுது, பம்முது. எனக்குள்ள இன்னும் என்னமோ பொய் இருக்கு" என்றான். விறகு லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டான். தூத்துக்குடியில் உப்பளத்து வேலைக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது கடையில் பங்கு போட்டிருந்த அண்ணாச்சியின் சகலைதான். யுத்தம் முடிந்து, இரண்டு பேருக்கும் பங்குத் தகராறு வந்து முறைத்துக்கொண்டபோது, "ஆமா, நான்தான் சொன்னேன், இப்ப என்ன?" என்று அவரே நடுக்கடையில் நின்று மார்தட்டினார். அவர் போனபிறகு நான் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பையன் அண்ணாச்சி…" என்று இழுத்தேன். அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "துள்ளுனது துள்ளுனதுதான். இது இல்லேன்னா வேற என்னமும் பண்ணிருப்பான்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயந்தரமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொள்முதலுக்குப் போனார்.

இதற்கப்புறம் எவ்வளவோ வருஷம். இடையில் நான் கடையைவிட்டு விலகி, அன்று கைவிட்டுத் தின்ற காரச்சேவையே தொழிலாக்கிக்கொண்டேன். போன வருஷம் பக்கத்துக் கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் செத்ததில் இருந்து எனக்கு வேலையே என் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். விரலை வைத்தேன். ஓடுகிறது. பம்முகிறது. மறுபடி ஓடுகிறது. அண்ணாச்சியின் குரல் கேட்ட மாதிரி இருந்தது. போச்சு, என் கதையும் முடிந்தது என்று எழுந்து உட்கார்ந்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டேன். எண்ணெய்ச் சட்டியை யார் வைத்துக்கொள்வது, கடலைமாவு எந்த மில்லில் வாங்குவது, என் படத்துக்கு எந்தச் சட்டை போட்ட போட்டோ என்று எல்லாம் சொல்லி முடித்தேன். "எல்லாத்தையும் சொல்லிட்டிக, இன்னும் சாகலையே" என்று கேட்டாள் பெண்டாட்டி. மதுரைக்குப் பஸ் ஏற்றினார்கள். வழியெல்லாம் பக்கத்துச் சீட்டுக்காரர் கையில் என் மணிக்கட்டைக் கொடுத்து வைத்திருந்தேன், நின்றுபோனால் சொல்லட்டும் என்று. பாவம், அவர் திருமங்கலத்திலேயே இறங்கிக்கொண்டார். அவருடைய ஊர் அதுதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். குழாயை நெஞ்சில் வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். நாலைந்து தடவை செய்தபின் சிரித்தார். "எல்லாருக்கும் இப்படித்தாங்க. மூச்ச உள்ள இழுத்தா நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கும், விட்டா நிதானப்படும். மூளையில இருந்து ஒரு நரம்பு வந்து நெஞ்ச மூக்கணாங்கயிறு மாதிரிப் பிடிச்சு வச்சிருக்கு. மூச்சு இழுக்கும்போது கயிறு தளரும், விடும்போது இறுகும். இது நோயில்ல, நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார். பொய் சொன்னால் துள்ளுமா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "பொய் சொன்னா பயப்படுவீங்க. பயந்தா அந்த நரம்பு கயித்தையே விட்டுரும். அப்ப நெஞ்சு மூச்சக் கண்டுக்காது, ஒரே சீரா விரட்டிக்கிட்டு ஓடும். நிம்மதியா இருக்கவன், இளவட்டம், நீளமா மூச்சு விட்டுப் பழகினவன், இவுகளுக்குத்தான் இந்த ஏத்த இறக்கம் நல்லாத் தெரியும். வயசாக ஆக, சர்க்கரை மாதிரி நோய் வந்தா, அந்த நரம்பு மரத்துப் போயி துள்ளலும் அடங்கிரும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். செத்துப் பிழைத்தவன் சிரிக்கிறான் என்று டாக்டரும் சேர்ந்து சிரித்தார். நான் உபதேசியார் மகனை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து, அது பாதியிலேயே வேறென்னவோ ஆகி, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தநாளே பந்தல்குடிக்குப் போனேன். உபதேசியார் மகன் உப்பளத்திலிருந்து திரும்பி அங்கே ரோட்டோரத்தில் டீக்கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டும் இத்தனை நாள் போகாமல் இருந்தேன். லாரிகள் நிற்கிற இடத்தில் ஓலைக்கொட்டகை. காலில் துணிக்கட்டு. சர்க்கரை, புண் ஆறவில்லை என்றான். அந்த ஆர்மோனிய நெஞ்சு உள்வாங்கிப் போயிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், கையை ஆட்டி, என் சாவையும் நடித்துக் காட்டி. அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். ஆற்றி முடித்த பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"அப்ப நீ பயந்த, அதுனால தப்பிச்ச."

"ஆமா."

"பயப்படாம உக்காந்திருந்தேன் பாரு, அதுதான் நான் பண்ண தப்பாலே?"

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். தோளில் கிடந்த டீக்கறைத் துண்டை எடுத்து, என் கையையும் தன் கையையும் சேர்த்து அதன்மேல் போட்டான். "புடி. அண்ணாச்சி கேட்டதையே கேளு. துண்டு போட்டாச்சு, இனி ஏமாத்தக் கூடாது." லாரிக்காரர்கள் இரண்டுபேர் கண்ணாடி டம்ளரோடு வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் மணிக்கட்டில் விரல் வைத்தேன். "நீ சொன்னியாலே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அண்ணாச்சி குரல் மாதிரி இருந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டுக்கு முன்னால் இழுக்கிற அதே நீளத்துக்கு மூச்சை இழுக்கப் பார்த்தான். பாதியில் இருமல் வந்தது. அடங்கியதும் மறுபடி இழுத்தான். "இல்ல" என்றான். விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இழுத்தபோதும் விட்டபோதும் நாடி ஒரே மாதிரி அடித்தது. கடிகாரம் மாதிரி. ஒரு துள்ளல் இல்லை.

"என்ன சொல்லுது?"

"ஒரே சீரா இருக்கு" என்றேன்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். துள்ளவே இல்ல."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்பே வந்திருக்கவேண்டியது. "பாத்தியாலே, அடங்கிருச்சு" என்று லாரிக்காரர்களைப் பார்த்தும் சிரித்தான். டாக்டர் சொன்னதில் கடைசியாக ஒன்று இருந்ததே, வயசும் சர்க்கரையும் வந்தால் துள்ளல் அடங்கிவிடும் என்று, அதையும் அவனிடம் சொல்லித்தான் இருந்தேன். ஆற்றுகிற மும்முரத்தில் அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது. இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. அவன் துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு எழுந்தான். திரும்பி வரும் பஸ்ஸில் பழக்கதோஷத்தில் விரல் தானாக என் மணிக்கட்டுக்குப் போனது. மூச்சை இழுத்தேன். பாவி நாடி, இளவட்டம் மாதிரி துள்ளிக்கொண்டு ஓடியது.